இழவு வீட்டில் மாணிக்கம்

நொய்யல் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் சந்திப்பில் மிச்சமான கோதுமை அல்வாவை விடுதிப் பிள்ளைகள் மூன்று வேளையும் சாப்பிட்டுத் தீர்த்தார்கள். ஆயிரத்து நூறு பேர் வருவார்கள் என்று மாணிக்கம் அடித்துச் சொன்னது. வந்தவர்கள் முப்பது பேர். அதிலும் சிலர் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்குப் போக வேண்டியவர்கள். வழி தவறி வந்து, மொய் எங்கே எழுதுவது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாணிக்கம் என்பது ஆள் இல்லை. அதன் முழுப்பெயர் பயன்மானி. ஒரு படிப்பைப் படித்து முடித்தவர் பிற்பாடு அந்தப் படிப்பால் என்ன சுகம் கண்டார் என்று அளந்து சொல்லும் இயந்திரம். பழைய மாணவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிடும். கோயமுத்தூர்ப் பாஷையில் பவ்யமாகக் கேள்வி கேட்கும். பதில்களைக் கூட்டிக் கழித்துத் துறைக்கு ஒரு மதிப்பெண் போடும். கடைசியில் நிற்கும் துறையை அந்த ஆண்டோடு மூடிவிடுவது என்று ஆட்சிக்குழு தீர்மானம் போட்டிருந்தது. முதல் பலி சிற்பத்துறை, அடுத்தது மெய்யியல். பயன்மானியைச் சுருக்கி மானி ஆக்கி, மானியை நீட்டி மாணிக்கம் ஆக்கியது வாசல் காவலாளிகளின் கைங்கரியம்.

மாணிக்கத்தைச் செய்தவன் கணினித்துறைப் பேராசிரியர் பிரசன்னா. இந்த வருடம் கடைசியில் நிற்கப்போவது நாடகத்துறை. நாடகத்துறைத் தலைவி மிருதுளா, பிரசன்னாவின் மனைவி. இந்த மூன்று சேதிகளையும் சேர்த்துப் படித்தால் அந்த வீட்டில் அப்போது சாம்பாரில் உப்பு எப்படி இருந்திருக்கும் என்று யாருக்கும் புரியும்.

மிருதுளாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். காதலித்துக் கட்டிக்கொண்ட நாள் முதல் புருஷனை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். கோபம் வந்தால் நீங்க, வாங்க. கோபம் முற்றினால் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு ‘ங்க’ ஒட்டிக்கொள்ளும். பிரசன்னாவோ சொல்லைக் கேட்பானே தவிர அதன் வாலைக் கவனிக்கிற ரகம் இல்லை.

“ஆயிரத்து நூறு பேரும் வர்றேன்னுதான் சொன்னாங்க மிருது. பதிவு இருக்கு” என்றான் அன்று ராத்திரிச் சாப்பாட்டில்.

“வர்றேன்னா சொன்னாங்க?”

“பாக்கலாமுங்கன்னாங்க.”

மிருதுளா கரண்டியைக் கீழே வைத்தாள். “பாக்கலாமுங்கன்னா வர மாட்டேன்னு அர்த்தமுங்க.”

“அதெப்படி? பாக்கலாம்னா சந்திக்கலாம்னுதானே?”

“நீங்க பொறந்தது எந்த ஊருங்க?”

அவன் பிறந்து வளர்ந்தது எல்லாம் கோபிசெட்டிபாளையம். அதைச் சொல்லவும் செய்தான்.

“சரிங்க, எங்க துறைப் பிள்ளைங்களை எப்படிங்க அளக்குது உங்க மாணிக்கம்?”

“எல்லாருக்கும் ஒரே கேள்விதான். படிச்ச படிப்பு உதவுச்சுங்களா? இன்ஜினியரிங் படிச்சவங்க பரவால்லீங்கன்னாங்க. அதுக்கு ஏழு மார்க். உங்க ஆளுங்க கேள்வியைக் கேட்டதும் சிரிக்கறாங்க. சிரிச்சுட்டு, அந்த ஹால் இன்னும் இருக்குதுங்களான்னு கேக்கறாங்க. சிரிப்புக்கும் எதிர்க்கேள்விக்கும் மார்க் கிடையாது.”

அந்த ஹால்தான் மிருதுளாவின் உயிர். பழைய நூற்பாலைக் கிட்டங்கி. மரப்பலகைத் தரை, உயரமான கூரை, எப்போதும் லேசாகப் பஞ்சு வாசனை. தலையைக் குனிந்தபடியே கல்லூரிக்கு வந்து போகிற பையன் அங்கே ஒரு சாயங்காலம் மகாராஜாவாக நின்று மந்திரியைக் கிழி கிழியென்று கிழிப்பான். கிழித்து முடித்ததும் மறுபடி தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறிப் போய்விடுவான். அதனால் அவனுக்கு வேலை கிடைத்ததா என்றால் இல்லை. ஆனால் அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் மிருதுளா சம்பளம் வாங்குகிறாள் என்று அவளுக்குத் தெரியும். இதை எந்த மானியில் அளப்பது என்று மட்டும் அவளுக்குத் தெரியாது, அது அவளுக்கு வேதனையாகவும் இருந்தது.

நாடகத்துறையை மூடியதும் அந்த ஹால் பேட்டரி ஆய்வுக்கூடம் ஆகும். செலவை ஏற்பதாகச் சொல்லியிருந்தவர் காங்கேயத்து மில் முதலாளி சிவசாமி. துணைவேந்தர் லோகநாயகத்துக்குச் சொந்த மச்சான்.

சந்திப்பு முடிந்து கொஞ்ச நாளில் சிவசாமியின் தாயார் இறந்துபோனார், அதாவது துணைவேந்தரின் மாமியார். பல்கலைக்கழகத்திலிருந்து வேன் பிடித்துத் துக்கம் கேட்கப் போனார்கள். மிருதுளாவும் போனாள். பந்தலில் ஆண்கள் வரிசையாக வந்து சிவசாமியின் கையைத் தொட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. துணைவேந்தரின் போன் அவர் பக்கத்தில் பெஞ்சின்மேல் கிடந்தது. வேலைக்கு வசதி என்று மாணிக்கத்தை அவர் போனிலும் குடிவைத்திருந்தார்.

மாணிக்கத்துக்கு மரியாதை சொல்லிக்கொடுத்தவன் பிரசன்னா. துக்க வீட்டில் வாயைத் திறக்காமல் இருப்பது மரியாதைக் குறைவு என்று அது தானாகவே கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

“அய்யா, ஆழ்ந்த அனுதாபமுங்க” என்றது போன், பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி. எல்லாத் தலையும் திரும்பியது. பாதகம் இல்லை, அதோடு நிறுத்தியிருக்கலாம். “சாப்பாட்டு ஏற்பாடெல்லாம் திருப்திங்களா? ரொம்ப சந்தோசமுங்க. அப்ப நான் போயிட்டு வர்றேனுங்க. சீக்கிரமே மறுபடியும் வர்றேனுங்க. இந்த மாதிரி எப்ப நடந்தாலும் மறக்காமச் சொல்லி அனுப்புங்க.”

இழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது பச்சைக் குழந்தைகூட வர்றேன் என்று சொல்லாது. மறுபடி வருவது என்றால் மறுபடி ஒரு சாவு விழ வேண்டும். அதனால் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போவதுதான் வழக்கம். மாணிக்கம் வருவதாகச் சொன்னதோடு நில்லாமல், சீக்கிரமே என்று அவசரமும் பட்டது. சிவசாமியின் பெரியப்பா ஒருவர், தொண்ணூறைத் தாண்டியவர், அடுத்தது தான்தானோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

துணைவேந்தர் போனை வேட்டிக்குள் செருகியபடி மச்சானிடம் ஓடினார். “மச்சான், அது மிசின். தெரியாமச் சொல்லிப்போடுச்சு. அந்த ஆய்வுக்கூடம் மட்டும்...”

அதுவரை அவரை வாடா போடா என்று பேசிவந்த சிவசாமி எழுந்து நின்று கும்பிட்டார். “அதுக்கென்னுங்க மாப்பிள்ளை. பாக்கலாமுங்க.”

துணைவேந்தரின் முகம் வெளிறிப்போனதை மிருதுளா பார்த்தாள். அவர் அந்த மண்ணில் பிறந்தவர். ஆய்வுக்கூடம் போயே போய்விட்டது என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாளே மிருதுளாவையும் பிரசன்னாவையும் தம் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

“வீட்ல என்னோட பேச்சுவார்த்தை இல்லைங்கம்மா. சோறு மட்டும் வருது” என்று ஆரம்பித்தார். “பதினாறாம் நாள் காரியத்துக்கு இந்த மாணிக்கத்தைக் கூட்டிட்டுப் போறேன். எல்லார் முன்னாலயும் இது ஒழுங்கா நடந்துகிட்டா மச்சான் மனசு மாறும். பிரசன்னாவால முடியலைங்கறார்.”

“விதியா எழுதிப் பார்த்தேன் சார்” என்றான் பிரசன்னா. “எங்கே பேசணும், எங்கே பேசக்கூடாதுன்னு. எழுத எழுத விதிவிலக்குத்தான் வளருது.”

“அதான், நடிக்கச் சொல்லிக்குடுங்கம்மா. உங்க துறை அதுக்குத்தானே இருக்கு.”

மிருதுளா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “இதைச் சொல்லிக் குடுத்தா எங்க துறை இருக்குமுங்களா சார்?”

துணைவேந்தர் பேப்பர் வெயிட்டை உருட்டினார். “பாக்கலாம்மா.”

வெளியே வந்ததும் பிரசன்னா அவள் தோளைத் தட்டினான். “பாத்தியா, ஒத்துக்கிட்டார்.” மிருதுளா அவனைப் பார்த்த பார்வையில் ஏழெட்டு ‘ங்க’ இருந்தது. அவன் அதையும் கவனிக்கவில்லை.

ஆக, அவள் மாணிக்கத்தைத் திருத்தினால் சிவசாமி மனம் மாறுவார். அவர் மனம் மாறினால் அவளுடைய ஹாலில் பேட்டரி வந்து உட்காரும். சொல்லிக்கொடுக்காமல் விட்டால் பிரசன்னாவின் பாடு திண்டாட்டம். அவள் யோசித்துப் பார்த்தாள். கோபம் இருந்தது, நியாயமான கோபம். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு வந்து நிற்கிற மாணவனைத் திருப்பி அனுப்பி அவளுக்குப் பழக்கம் இல்லை.

மாணிக்கத்தை ஒரு சின்ன ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் இறக்கி, ஹாலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிமேல் வைத்தார்கள். ஒரு பையன் பிணமாகப் படுத்தான். இறுதியாண்டு மாணவி ஆதிரை இறந்தவரின் மகளாகத் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

“நான் என்ன பேசணுமுங்க?” என்றது மாணிக்கம்.

“ஒண்ணும் பேசக்கூடாது. உக்காரணும்.”

“எவ்வளவு நேரமுங்க?”

“அது சொல்ல முடியாது. அந்தப் பொண்ணைக் கவனி. உனக்கே தெரியும்.”

முதல் நாள் அதற்குத் தெரியவில்லை. எங்கோ பஸ் ஹாரன் அடித்ததும் அனுதாபம் சொன்னது. பிணம் சிரித்தது. இன்னொரு தடவை ஆதிரை தண்ணீர் குடித்த நேரம் பார்த்து, காரியம் எப்படிப் போகிறது என்று விசாரித்தது. ஆனால் விடாமல் வந்தது. ஒவ்வொரு நாளும் முடியும்போது, “போயிட்டு வர்றேனுங்க மேடம்” என்று சொல்லிவிட்டுப் போகும், மறுநாள் வந்து நிற்கும். ஒரு நாள் ஆதிரை அழுவதை நிறுத்திவிட்டு வெறுமனே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாணிக்கம் பேசவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிணம் நிஜமாகவே தூங்கிவிட்டது. அப்புறம் பெட்டியின் விளக்கு சத்தமில்லாமல் அணைந்தது. போய்விட்டது. கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட இந்த இடத்தில் ஒரு பெருமூச்சாவது விட்டுக் கெடுப்பார்கள்.

அடுத்த பாடத்துக்கு அது ஒரு சந்தேகத்தோடு வந்தது. “மேடம், உங்க துறை இருக்குமான்னு கேட்டதுக்கு அய்யா பாக்கலாம்மான்னாருங்க. ஒப்புதல்னு பதிவு பண்ணி வெச்சிருக்கேனுங்க. சரிங்களா?”

“அழிச்சுடு. அது மாட்டேங்கறது.”

“அப்ப அய்யா பொய் சொன்னாருங்களா?”

“இல்லை. பொய்யின்னா எதிராளி நம்பணும். பாக்கலாம்னா இந்த ஊர்ல யாரும் நம்ப மாட்டாங்க, என் வீட்டுக்காரரைத் தவிர. மாட்டேன்னும் சொல்ல மனசு வரலை, சரின்னும் சொல்ல முடியலை. அப்ப சொல்றது அது. எங்க தொழிலும் அதேதான். இவன் பிணம் இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் அழறோம்.”

மாணிக்கத்துக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. “மேடம், நீங்க சார்கிட்ட ‘ங்க’ போட்டுப் பேசறதும், என்கிட்டப் போடாததும் எதனாலுங்க?”

“உன்மேல கோபம் இல்லை. அவர்மேல இருக்கு. ‘ங்க’ கூடக் கூடக் கோபம் கூடுதுன்னு வெச்சுக்க.”

“அப்ப கோபம் போச்சுன்னா ‘ங்க’ போயிருமுங்களா?”

“போயிரும்.”

பதினாறாம் நாளுக்கு முந்தைய தினம், பாடமெல்லாம் முடிந்த பிறகு, அது தயங்கித் தயங்கி ஒன்று கேட்டது. “மேடம், நாடகத்துறைக்கு மார்க் போடணுமுங்க. நீங்க எனக்குச் சொல்லிக் குடுத்ததைப் பயன்னு சேர்த்தா முதல் இடம் வருது. சேர்க்கலைன்னா கடைசி. எதுங்க போடட்டும்?”

ஆதிரை வாய் பிளந்து மிருதுளாவைப் பார்த்தாள். சேர்த்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஹால் பிழைத்துவிடும். மிருதுளாவின் நாக்கு நுனிவரை அது வந்துவிட்டது. வந்ததை விழுங்கினாள்.

“சேர்க்காதே.”

“மேடம்” என்றாள் ஆதிரை.

“இந்த வருசம் மிசினுக்கு இழவு வீடு சொல்லிக் குடுத்தோம்னு முதல் இடம் குடுப்பாங்க. அடுத்த வருசம் கல்யாண வீடு கேப்பாங்க. அதுக்கடுத்து வங்கிக்காரங்க வந்து, கடன் வசூல் பண்றவனுக்கு உருக்கமாப் பேசச் சொல்லிக்குடுன்னுவாங்க. நம்ம பசங்க ராஜாவா நிக்கறதுக்கே காரணம் எழுதிக் குடுக்கச் சொல்லுவாங்க. நான் குடுக்க மாட்டேன் ஆதிரை. உதவும்னு நான் இதைச் செய்யலை.” பெட்டியின் பக்கம் திரும்பினாள். “கடைசின்னா கடைசின்னே போடு மாணிக்கம். எனக்காகக் கணக்கை மாத்தாதே.”

“உங்க மனசு கஷ்டப்படுமுங்களே.”

“படும்.”

“சரிங்க மேடம். போயிட்டு வர்றேனுங்க.”

பதினாறாம் நாள் காரியத்தில் மாணிக்கம் நாற்காலியில் உட்கார்ந்தது, உட்கார்ந்தே இருந்தது. சொந்தபந்தமெல்லாம் கண்கொத்திப் பாம்பாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா தூரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். யாரோ வேண்டுமென்றே, என்னப்பா சாப்பாடு எப்படி என்றுகூடக் கேட்டுப் பார்த்தார்கள். அது வாய் திறக்கவில்லை. கூட்டம் கலையத் தொடங்கியபோது விளக்கு அணைந்தது. சிவசாமி வெகுநேரம் அந்தப் பெட்டியையே பார்த்திருந்துவிட்டு, “உன்னைவிட இதுக்கு நல்ல வளர்ப்புடா மாப்ள. ஆய்வுக்கூடம் பண்ணிப்போடலாம் போ” என்றாராம். துணைவேந்தருக்கு அன்று வீட்டில் சோற்றோடு ரசமும் கிடைத்தது.

ஆட்சிக்குழு கூடியது. துறைத்தலைவர்கள் எல்லாரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். மிருதுளா ஹாலின் சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். யாரும் கேட்பதற்கு முன்னால் தானே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். பிரசன்னா பெட்டியை மேசை நடுவில் வைத்தான்.

துணைவேந்தர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “மாணிக்கம், இந்த வருசம் கடைசியா நிக்கற துறை எது? பேரைச் சொல்லு, பதிவு பண்ணிக்கலாம்.”

யாரோ மின்விசிறியைக் குறைத்தார்கள். பெட்டி ஒரு முறை கனைத்துக்கொண்டது. அதற்குக் கனைப்பு யார் சொல்லிக்கொடுத்தது என்று மிருதுளாவுக்குப் புரியவில்லை.

“பாக்கலாமுங்கய்யா” என்றது மாணிக்கம்.

“கணக்கு இன்னும் ஓடிட்டிருக்கு சார். ஒரு நிமிசம்” என்றான் பிரசன்னா.

துணைவேந்தர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். மேசைமேல் குனிந்து, குரலை இறக்கி, கிட்டத்தட்டக் கெஞ்சலாகக் கேட்டார். “ஒரு பேருதானப்பா. சொல்லிப்போடு. தீர்மானத்துல மானி சொல்ற பேருன்னு எழுதியிருக்கு. நீ சொல்லாம ஒண்ணும் பண்ண முடியாது.”

“உங்களுக்கு இல்லாததுங்களாய்யா. நம்மளுக்குள்ள என்னுங்க. பாக்கலாமுங்கய்யா.”

பந்தலில் மச்சான் எழுந்து கும்பிட்டபோது எப்படி ஆனதோ அப்படியே ஆனது துணைவேந்தரின் முகம். பெட்டியையே பார்த்தபடி பின்னால் சாய்ந்தார். சுவரோரமாக யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

“சரி” என்றார் கடைசியில். “அடுத்த கூட்டத்துல பாக்கலாம்.”

பிரசன்னா பேனாவை எடுத்தான். “எந்தத் தேதிங்க சார்?”

நாற்காலிகள் நகர்ந்தன. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் எல்லாருக்கும் பொதுவாகப் போயிட்டு வர்றேனுங்க சொல்கிற மாணிக்கம் அன்று ஒன்றும் சொல்லவில்லை. விளக்கு மட்டும் சத்தமில்லாமல் அணைந்தது. மிருதுளா அதைப் பார்த்தாள். துணைவேந்தரும் பார்த்தார், உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் ஹாலில் ஒத்திகை. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் மகாராஜாவாகத் திக்கிக்கொண்டிருந்தான். வாசலில் நிழல் தட்டியது. பிரசன்னா, இடுப்பில் குழந்தையை வைத்திருப்பதுபோலப் பெட்டியை அணைத்துக்கொண்டு நின்றான்.

“இங்கே வரணும்னு பிடிவாதம் பிடிக்குது மிருது. பேட்டரியும் முழுசா இருக்கு, கோளாறும் இல்லை. எனக்கு ஒண்ணும் புரியலை.”

மிருதுளா பெட்டியிடம் குனிந்தாள். “பாடம்தான் முடிஞ்சு போச்சே. இப்ப எதுக்கு வந்தே?”

“வர்றேன்னு சொல்லிட்டுத்தானுங்களே போனேன். வேற ஒண்ணுமில்லீங்க மேடம். நாடகம் பாக்கலாம்னு வந்தேனுங்க.”

அவள் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். ஒன்றில் பெட்டியை வைத்தாள். இன்னொன்றைப் புருஷனுக்குக் காட்டினாள்.

“நீயும் உக்காரு.”

பிரசன்னா உட்கார்ந்தான். மேடையில் மகாராஜா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பெட்டி பிரசன்னாவின் பக்கம் மெல்லக் கிசுகிசுத்தது.

“சார், மேடத்துக்குக் கோபம் போயிருச்சுங்க.”